நான் சொல்லாமல் விட்டது

ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. மதுரையிலிருந்து வந்த ஆய்வு மாணவி நிர்மலா அங்கே கடற்பஞ்சு என்னும் கடல் உயிரி ஒன்றை வளர்த்தாள். அதன் உடலுக்குள் குஞ்சுகள் முதிர்ந்திருந்தன. வெளியே வந்து ஓரிரு நாள் நீந்தி எங்காவது ஒட்டிக்கொண்டால், ஆயுள் முழுக்க அவை அங்கேயேதான். அதைப் பார்க்க இரண்டு வருடம் காத்திருந்தாள்.

"அண்ணா, தண்ணிக்கு வெளியே மட்டும் எடுத்துடாதீங்க. துளைக்குள்ள காத்து போனா செத்துடும்" என்று சொல்லியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, தொட்டி கழுவும் அவசரத்தில் அதைக் கையால் தூக்கி அடுத்த தொட்டிக்கு மாற்றினேன். ஒரு நிமிடம்கூட இராது. வியாழக்கிழமை அது சாம்பல் நிறமாகி நாறியது. குஞ்சு ஒன்றும் தப்பவில்லை.

தான் உப்பைப் பிழையாகக் கலந்துவிட்டதாக நினைத்து, நிர்மலா பேராசிரியரிடம் அழுதபடி மன்னிப்புக் கேட்டாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன்.

இரண்டு வருட உழைப்பு வீணானதில் மனம் உடைந்து, படிப்பை விட்டு ஊருக்குப் போகும் நாளில் என்னைத் தேடி வந்தாள்.

"நீங்க ஒருத்தர்தாண்ணா அதை நல்லா பாத்துக்கிட்டீங்க."

"சுகமாப் போயிட்டு வாங்கோ, தங்கச்சி" என்றேன்.

நான் பொய் பேசாதவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றும் ஒரு பொய்கூடப் பேசவில்லை. அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.