தேங்காய் எண்ணெய் போட்ட ரோலர்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் நானே செய்த ஒரு குட்டி இயந்திரம். எதிரே நாற்காலி கொள்ளாத கூட்டம். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். சுற்றவில்லை.

அசட்டுச் சிரிப்போடு மறுபடி சுற்றினேன். ம்ஹூம். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். அசைந்தால்தானே? பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். மனிதர் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் முன்கதையும் சொல்லியாக வேண்டும். பொறுமையாகவே சொல்கிறேன். கடைவீதிப் பக்கம் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதால், நான் இப்போது வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

உலோகம் கடைகிற லேத் ஒன்றை நான் வாங்கிய விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். இதே பக்கத்தில்தானே பீற்றிக்கொண்டேன்! குன்னூரில் என் வயசுப் பெண்கள் ரோஜா வளர்ப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், கேக் செய்யக் கற்றுக்கொள்வார்கள். நான் ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் தீப்பெட்டி அளவில் ஒரு இன்ஜினை வீட்டிலேயே செய்து ஓடவிட்டார். பார்த்து முடித்ததும் என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது... ‘இவ்வளவுதானா!’

என் வாழ்க்கையில் வந்த அத்தனை கஷ்டமும் இந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கியிருக்கிறது.

லேத் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. மேஜைமேல் வைக்கிற சின்ன சைஸ்தான். வீட்டுக்குப் பின்னால் விறகு போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து அதைக் குடிவைத்தேன். நம் ஊர் மூடுபனியில் இரும்புச் சாமானைத் துடைக்காமல் விட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும் என்பது நான் கற்ற முதல் பாடம். லேத்தில் பித்தளைத் துண்டைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தை இறுக்க ஒரு சாவி உண்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும். எடுக்காமல் போட்டேன். சாவி கதவு வழியாகப் பறந்து பக்கத்து வீட்டு முள்ளங்கிப் பாத்தியில் போய்க் குத்தி நின்றது. நல்லவேளை, முள்ளங்கிக்கு மட்டும்தான் காயம்.

பித்தளையைக் கடையும்போது அது பொடிப்பொடியாகத் தெறிக்கும். தலையில் இருக்கும், ஸ்வெட்டரில் இருக்கும். ஒரு தடவை ரசத்திலும் இருந்தது.

“ரசம் என்ன இன்னிக்கு மினுக்குது?” என்றார் கணவர்.

“பெருங்காயம்” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் எதையுமே இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பறித்து வருகிற பச்சை இலை வாடி, ரோலரில் உருண்டு, நிறம் மாறி, காய்ந்து, தூளாகிற வரை எல்லாம் அவர் பொறுப்பு. பேச்சு மட்டும் அவர் டிபார்ட்மென்ட் கிடையாது. எங்கள் கல்யாண வரவேற்பில் மைக்கைக் கொடுத்து நன்றி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தார், எல்லோரையும் பார்த்துச் சிரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

இந்த ஜனவரியோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். தேதி நெருங்க நெருங்க மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வேலை போகிற ஏக்கம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் டீ குடித்தபடியே சொன்னார்.

“செண்டாஃப் வெப்பாங்க. நான் அன்னிக்கு லீவு போட்டுர்றேன்.”

தன்னுடைய வழியனுப்பு விழாவுக்கே லீவு போட நினைத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஃபேக்டரியில் ஒரு வழக்கம். யார் ஓய்வு பெற்றாலும் கடைசியாக மைக் அவர் கைக்கு வரும். அவர் பேசி முடிக்காமல் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்க மாட்டார்கள். நாலு வார்த்தை மனசு விட்டுப் பேசியாக வேண்டும். முன்பு ஒரு எலக்ட்ரீஷியன் ‘நன்றி’ என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிட்டாராம். இன்று வரை அவருக்கு எஸ்டேட் முழுக்க ‘நன்றியண்ணன்’ என்றுதான் பெயர்.

“பேருக்கெல்லாம் பயமில்ல அம்மிணி. மைக்கப் புடிச்சா அழுதுருவேன். அத்தன பேரு முன்னால... ஆவாது.”

எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கூட வேலை செய்தவர்களிடம் முகம் காட்டாமல் வந்துவிட்டால், அது பிற்பாடு அவரை அரித்துக்கொண்டே இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“நீங்க பேசவே வேண்டாமுங்க. வந்து நின்னாப் போதும். மிச்சத்த நான் பார்த்துக்கறேன்” என்றேன். அவர் நம்பினார். பாவம்!

என் திட்டம் இதுதான். இலையை உருட்டுகிற ரோலரைக் குட்டியாகச் செய்வது. வட்டமான ஒரு மேஜை, அதன்மேல் அடியில்லாத ஒரு டப்பா. டப்பா இலையை அமுக்கிக்கொண்டு வட்டம் போடும். நாம் கறிவேப்பிலையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கசக்குவோமே, அந்த வேலைதான். மேடையில் அவர் ஒரு பிடி இலையைப் போட்டு உருட்டிக் காட்டுவார். பேச்சுக்குப் பதில் அது. ஜனங்கள் கைதட்டுவார்கள், அண்டா திறக்கும், அவர் மானம் தப்பும்.

இவ்வளவுதானா!

டப்பாவைத் தாங்கிச் சுற்ற வைக்க மூன்று கிராங்க், அதாவது சுழலும் கைகள் வேண்டும். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நான் செய்ததில் ஒன்று மயிரிழை அதிக நீளம். மயிரிழைதானே என்று மாட்டினேன். பாதிச் சுற்றில் இறுகி நின்றுவிட்டது. கழற்றினேன், கடைந்தேன், அரத்தால் ராவினேன். இப்போது அது மயிரிழை குட்டை. நான் பத்தி எழுதுகிறவள் இல்லையா? ‘ஏறக்குறைய’, ‘சுமாராக’, ‘கிட்டத்தட்ட’ என்றே பிழைப்பு நடத்துகிறவள். பித்தளைக்கு இந்த வார்த்தைகள் எதுவும் தெரியவில்லை.

அவரிடம் பூச்சாடி செய்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

“ஒரு பூச்சாடிக்கு இத்தன நாளா?”

“டிசைன் ஜாஸ்திங்க.”

ஒரு வழியாக மூன்று கிராங்கும் சமாதானமாகப் போயின. எண்ணெய் போடுவதுதான் பாக்கி. இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. இலையில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் பட்டாலும் என் கணவர் அந்த இலையைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிடுவார். டீ என்பது ஜனங்கள் வாயில் வைக்கிற பொருள் என்பார். டீ மேக்கர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா? ஆகவே, வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாத எண்ணெயாகப் பார்த்துப் போட்டேன். சுத்தமான தேங்காய் எண்ணெய்.

கொட்டகையில் விரல் விறைத்ததால் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் மாட்டினேன். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சுற்றினேன். ஆகா, என்ன வழுவழுப்பு! ஒரு விரலால் சுற்றியது. ஆளில்லாத வீட்டில் நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் அதைச் செல்வியிடம் ஒப்படைத்தேன். செல்வி ஃபேக்டரியில் டீத்தூள் சலிக்கிற பகுதியில் வேலை செய்கிறவள், எனக்குச் சிநேகிதி.

“அக்கா, இது என்னா புது மாடல் மிக்ஸியா?” என்று கேட்டாள். கேட்டாலும், பத்திரமாகக் கொண்டுபோய் விழா நடக்கிற ஹாலில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கல் கட்டடம். ஜனவரிப் பனி. மறுநாள் காலையில் தேயிலைச் செடியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

மலையில் இருக்கிற வாசகர்கள் இதற்குள் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எங்கே வைப்போம்? அடுப்போரம். இல்லாவிட்டால் கல்லாக உறைந்துவிடும். அன்றைக்குக் காலையில்கூட, விழாவுக்குப் போகத் தலைவார வேண்டுமே என்று, கண்ணாடியருகே உறைந்து கிடந்த எண்ணெயை ஸ்பூன் காம்பால் குத்திக் குத்திச் சுரண்டித்தான் எடுத்தேன். சுரண்டியபோதாவது எனக்கு உறைத்ததா? இல்லை! தலைக்கு வைக்கிற எண்ணெய் வேறு, இயந்திரத்துக்குப் போட்ட எண்ணெய் வேறு என்று என் மூளை தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தது.

மேடைக்கு வருகிறேன். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், மேனேஜர் பேசினார். நான் பெருமையோடு ரோலரை எடுத்து, செல்வி கொண்டுவந்த வாடிய இலையை உள்ளே போட்டேன். அப்புறம் நடந்ததுதான் தெரியுமே.

“அக்கா, கீழ வெச்சு ஒரு தட்டு தட்டிப் பாருங்க” என்று செல்வி கிசுகிசுத்தாள்.

கணவர் ரோலரை வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏன் அம்மிணி... தேங்காண்ணெயா?”

“இலைல மெஷின் ஆயில் படக்கூடாதுன்னு நீங்கதானுங்களே...” என்று இழுத்தேன். பேச வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்து, நடுமேடையில் இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று அழுகையாக வந்தது. அவர் இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போனால் தப்பும் சொல்ல முடியாது.

அவர் போகவில்லை. ஸ்வெட்டர் ஜிப்பைத் திறந்தார். ரோலரைப் புது வெள்ளைச் சட்டையோடு சேர்த்து அணைத்து உள்ளே வைத்தார். ஜிப்பை மேலே இழுத்துவிட்டார். இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் பதறி எழுந்தார். “ஐயா, நெஞ்சு வலியா?”

கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராக மைக் இருந்தது.

“நெஞ்சு வலியெல்லாம் இல்லீங்க. உள்ள ஒரு ரோலர் இருக்குதுங்க.”

ஹாலே சிரித்தது. அவர் திகைத்துப் போய்க் கூட்டத்தைப் பார்த்தார். தன் வாயிலிருந்து வந்ததற்குப் பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பதை அவர் பார்த்ததே இல்லை.

“எங்க ஊட்டுல செஞ்சுதுங்க. நாம ரோலருக்கு கிரீஸ் போடுவோம். இது தேங்காண்ணெ தேச்சு உட்டிருக்குது. எண்ணெ இளகோணும். அது வரைக்கும் நான் ஏதாச்சும் பேசோணுமில்லீங்க? என்ன பேசறது... நம்ம மூணாம் நம்பர் ரோலரும் இப்படித்தான். பனி நாள்ல மக்கர் பண்ணும். வெள்ளன நான் போயி அதுங்கிட்ட நாலு வார்த்த பேசுனாத்தான் கெளம்பும். ஊட்டுல சொல்லாததெல்லாம் அதுங்கிட்டச் சொல்லியிருக்கறேனுங்க. எம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவானப்ப மொதல்ல அதுக்குத்தான் சொன்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் எனக்குத்தான் முதலில் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

“எங்கப்பா போனப்ப அதுக்குப் பக்கத்துல நின்னுதானுங்க அழுதேன். அந்தச் சத்தத்துல யாருக்குங் கேக்காது பாருங்க. இனி எங்க போயி பேசறது? நெசத்துக்குமே எனக்கு மைக்கு பயமில்லீங்க... இந்த பயந்தான்.”

அழுதார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முன்வரிசையில் பாதிப் பேர் அவருக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார். கரண்ட் போன நாட்களைப் பற்றிப் பேசினார். ஃபேக்டரிக்குள் கரடி வந்த கதையைச் சொன்னார். நன்றியண்ணன் ஏன் ஓடினார் என்று சொன்னார், நன்றியண்ணனே விழுந்து விழுந்து சிரித்தார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. செல்வி கை காட்டினாள், நான் கண் காட்டினேன். மனிதர் பார்த்தால்தானே? ஸ்வெட்டருக்குக் கீழே புதுச் சட்டையில் எண்ணெய் இறங்கி வேட்டி வரைக்கும் வந்துவிட்டது.

கடைசியில் மேனேஜர்தான் எண்ணெய்க் கறையைச் சுட்டிக்காட்டினார். கணவர் ரோலரை வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. நான் மேடை ஓரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினேன். என்ன அழகாகச் சுற்றியது தெரியுமா! இலை பதமாக உருண்டு, தேங்காய் வாசத்தோடு வெளியே வந்தது. ஒருவர், ஒரே ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிற நான் இயந்திரம் செய்யப் போனேன். இயந்திரத்தோடு பிழைத்த அவர் பேசப் போனார். யார் ஜெயித்தார்கள் என்று நானே சொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கியபடியே, “ஏன் அம்மிணி, நேத்து ஒண்ணு சொல்ல உட்டுப்போச்சு...” என்று ஆரம்பித்தார். இன்னும் முடிக்கவில்லை. சமைக்கும்போது பேசுகிறார், சாப்பிடும்போது பேசுகிறார். இதை நான் தகரக் கொட்டகையில் லேத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு வெளியே நின்று, பறிக்கிற ஆட்களுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். லேத் மோட்டாரைப் போட்டால் அவர் பேசுவது ஒரு வார்த்தை கேட்காது.

ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. போட மனசு வரவில்லை.