மாமியார் பறந்த படம்

போன மாசம் மட்டும் மூணு படம் பாத்தேன். ஒண்ணு காமெடி, ஒண்ணு மாயாஜாலம், ஒண்ணு குடும்பம். காமெடி படத்துல எடவேள வரைக்கும் வயிறு வலிக்க சிரிச்சேன். அப்புறம் ஹீரோ அழ ஆரம்பிச்சிட்டான். டேய், டிக்கெட் எடுத்தவன் நானு, அழுவறதுன்னா நான்தான அழுவணும்? மாயாஜாலப் படத்துல கண்ணாடிக்குள்ளேர்ந்து ஒரு பூதம் வருது. வந்தது என்னா பண்ணுது? ஹீரோவோட பைக்க ரிப்பேர் பண்ணி குடுக்குது. அதுக்கு எங்க கண்டாச்சிபுரம் மெக்கானிக்கே போதும், பூதத்த எதுக்கு பேஜாரு பண்றீங்க? குடும்பப் படத்துல அண்ணன் தம்பி ஏழு பேரு, ஒரே வூடு. காலைல ஒருத்தன் கூட பாத்ரூம் வாசல்ல நின்னு கதவ தட்டல. அது எப்படி குடும்பமாவும்?

பத்தாவதுல ரெண்டு பேப்பர அப்படியே வுட்டுட்டு லோடு வண்டி ஓட்டிக்கினு இருக்கேன். வேற எந்த விஷயத்துலயும் எங்க வூட்ல என் பேச்சு எடுபடாது. படக்கதைன்னா மட்டும் எல்லாரும் உக்காந்து கேப்பாங்க. பத்து வயசுல, ஒரு மேட்னி ஷோவுல ஆரம்பிச்ச பொழப்பு இது.

அப்ப எங்கக்காவுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சி. மாப்ள திண்டிவனம், செல்போன் கடையில வேல. அக்கா டீச்சர் ட்ரெயினிங் மொத வருஷம். நிச்சயத்தன்னிக்கே எங்கப்பா படிப்ப நிறுத்த சொல்லிட்டாரு. "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வைங்கன்னு நாம கேட்டு, அவங்க மூஞ்ச தூக்கி, வந்த சம்பந்தம் கெட்டுடப் போவுது"ன்னாரு. எங்கப்பா மாப்ள வூட்ல கேக்கவும் இல்ல, அக்காவ கேக்க வுடவும் இல்ல. போன்ல பேசணும்னா ஸ்பீக்கர்ல போட்டு, அப்பா பக்கத்துல ஒக்காந்துக்கினு இருப்பாரு. அதுல என்னாத்த பேசுறது? "சாப்டீங்களா?" "சாப்டேன்." "நீங்க?" "சாப்டேன்." ஒரு மாசமா அவங்க ரெண்டு பேரும் சாப்ட்டத தவுர ஒண்ணும் பேசல.

அப்புறம் ஒரு நாள் மாப்ள மாமாவே தைரியமா, ஒரு படத்துக்கு கூட்டிக்கினு போவட்டுமான்னு கேட்டாரு. எங்கப்பா ரெண்டு நாள் யோசிச்சிட்டு மூணு கண்டிஷன் போட்டாரு. மேட்னிதான் போவணும். குடும்பப் படம்தான் பாக்கணும். நடு சீட்ல நான் ஒக்காரணும். அப்புறம் என்ன தனியா கூப்ட்டு நாலாவது கண்டிஷன்: "எழுத்து போடுறதுலர்ந்து கடைசி வரைக்கும் கதைய வந்து எங்கிட்ட சொல்லணும். ஒரு சீன் வுட்டன்னா தெரிஞ்சிடும்." எங்கப்பா தியேட்டர் பக்கமே போவாத ஆளு. அவருக்கு எப்படி தெரியும்னு அப்ப நான் கேக்கல.

எங்க ஊரு பனமலைலேர்ந்து நானும் அக்காவும் பஸ் புடிச்சி விழுப்புரம் போனோம். தியேட்டர் வாசல்ல மாமா நின்னுக்கினு இருந்தாரு. சட்டைய தேய்ச்ச தேய்ப்புல கைய மடக்கவே பயந்தா மாதிரி நின்னாரு. ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு தியேட்டரு. ஒண்ணுல குடும்பப் படம். இன்னொண்ணுல மாயாஜாலப் படம், போஸ்டர்ல கட்டில் பறக்குது. நான் கட்டிலயே பாத்துக்கினு இருந்தத அக்கா பாத்துட்டுச்சி.

"டேய், நீ அத பாக்கறியா?"

"அப்பா கதை கேப்பாரே."

"வந்து நான் சொல்றேன், நீ அப்படியே ஒப்பி."

மாமா எனக்கு ஒரு டிக்கெட்டும் பெரிய பாப்கார்னும் வாங்கி குடுத்து, டிக்கெட் கிழிக்கிறவருகிட்ட "பையன பாத்துக்குங்கண்ணே"ன்னு சொல்லிட்டு போனாரு. உள்ள ராட்சசன் வரான், பாம்பு பாடுது, கட்டில்ல குடும்பமே பறக்குது. என் வாழ்க்கையில அதவுட நல்ல படம் இன்னும் வரல. அது என் கருத்து, யார் கேட்டாலும் மாத்த மாட்டேன்.

படம் வுட்டு வெளிய வந்தா, எதுக்க இருந்த பேக்கரிலேர்ந்து ரெண்டு பேரும் வராங்க. அக்கா கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. மூஞ்சி மட்டும் சிரிக்குது.

"என்னா கதைக்கா? சொல்லு."

அக்கா மாமாவ பாத்துச்சி. மாமா தரைய பாத்தாரு. "நாங்க படமே பாக்கலடா"ன்னுச்சி.

ரெண்டர மணி நேரமா பேக்கரில ஒக்காந்து பேசிக்கினு இருந்திருக்காங்க. இது எங்கப்பாவுக்கு தெரிஞ்சா கல்யாணம் காலி. பொண்ணு தனியா ஒக்காந்து பேசுனான்னு ஊரு சொல்றதுக்கு முன்னாடி அவரே நிறுத்திடுவாரு. மாமா மூஞ்சில தேய்ச்ச சட்டை மாதிரியே ஒரு வெறைப்பு. பஸ்ஸு வேற கெளம்ப நிக்குது. நான் ஓடிப் போயி குடும்பப் படத்தோட போஸ்டர கண்ணு கொட்டாம பாத்தேன். பெரிய மீசையோட ஒரு பெரியவரு, ஒரு ஹீரோ, தலையில பூ வச்ச ஒரு அம்மா, ஒரு காள மாடு. அவ்ளோதான் சரக்கு.

பஸ்ல அக்கா சன்னல் பக்கம் ஒக்காந்து மெதுவா சொல்லுச்சி. படிப்ப பத்தி மாமாகிட்ட கேட்டுதாம். "இதுல கேக்க என்னா இருக்கு, முடிச்சிட்டு வேலைக்கே போ"ன்னுட்டாராம். அப்பாகிட்ட அத எப்படி சொல்றது? எங்க பேசுனீங்கன்னு கேப்பாரே? அக்கா துப்பட்டாவ முறுக்கிக்கினே வந்துச்சி. நான் மாட்ட வச்சி கதை கட்டிக்கினே வந்தேன்.

வூட்டுக்கு போனா, எங்கப்பா முறம் நெறைய மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வச்சி ஒடைச்சிக்கினு இருக்காரு. கால்ல செருப்ப கூட இன்னும் கழட்டல. "வாடா, சொல்லு"ன்னாரு. அக்கா நேரா அடுப்பாங்கரைக்கு போயிடுச்சி.

ஆரம்பிச்சேன். மீசக்காரரு ஊருக்கே பெரியவரு. ஹீரோ அவரு பையன். பூ வச்ச அம்மா ஹீரோவோட மாமியாரு, ரொம்ப கெட்டவங்க. ஹீரோவ கொல்றதுக்கு கட்டில்ல பறந்து வராங்க.

எங்கப்பா கை நின்னுடுச்சி. "மாமியாரு பறந்துச்சா?"

உள்ள ஏதோ தட்டு கீழ வுழுந்த சத்தம்.

"கனவுல ப்பா. ஹீரோவுக்கு வந்த கனவு."

"சரி. அந்த மாடு?"

"செத்துப் போச்சி ப்பா. ஹீரோவ காப்பாத்தப் போயி செத்துப் போச்சி. தியேட்டரே அழுதுச்சி."

"செத்தே போச்சா?" எங்கப்பா ஒதட்ட கடிச்சிக்கினு முறத்த பாத்தாரு. மாட்டுக்காக அழுவ வருது போலன்னு எனக்கு ஒரே பெருமை. அப்புறம் மெதுவா கேட்டாரு, "ஒரு பொண்ணு அழுதுச்சே. அது எதுக்கு?"

என் கதையில பொண்ணே கெடையாது. மாட்டோட சரக்கு தீந்துடுச்சி. அவசரத்துக்கு பஸ்ல கேட்டத எடுத்து வுட்டேன். "அந்த பொண்ணு படிக்கணும்னு ஆசப்பட்டுச்சி ப்பா. கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துக்கினு அவங்கப்பா நிறுத்திட்டாரு."

"ஓ. பயந்துக்கினா?"

"ஆமா ப்பா. அவரு கொஞ்சம் வெவரம் இல்லாதவரு."

இந்த தடவ அடுப்பாங்கரையில சத்தமே வரல.

"மாப்ள என்னா சொன்னான்?"

"படிச்சி முடிச்சி வேலைக்கே போவட்டும்னு சொல்லிட்டாரு ப்பா."

"அப்புறமும் எதுக்கு அழுதுச்சி? சிரிச்சிக்கினே அழுதுச்சே?"

"அது சந்தோஷத்துல ப்பா."

எங்கப்பா தலைய ஆட்டிக்கினாரு. "நல்ல படம்தான்"ன்னாரு. செருப்ப கழட்டி வச்சாரு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சி. அடுப்பாங்கரையில அக்கா கொட்டாங்குச்சி மாதிரி கண்ண வச்சிக்கினு நின்னுச்சி, நான் காலர தூக்கி வுட்டுக்கினு போனேன்.

திங்கக்கெழம எங்கப்பாவே அக்காவ காலேஜுக்கு பஸ் ஏத்தி வுட்டாரு. ஏன்னு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. என் கதைக்கு அவ்ளோ பவருன்னு நான் நம்புனேன். பன்னெண்டு வருஷம் நம்பிக்கினுதான் இருந்தேன்.

போன ஞாயித்துக்கெழம டிவில அதே குடும்பப் படம் போட்டாங்க. அக்கா திண்டிவனத்துலேர்ந்து மாமாவோட வந்திருந்துச்சி, மடியில எட்டாவது பசங்க பரிச்ச பேப்பரு கட்டு. நான் அந்த படத்த அன்னிக்குதான் மொத தடவ பாக்கறேன். எங்கப்பா சேர்ல பாதி தூக்கத்துல இருந்தாரு. கண்ண தொறக்காமயே, "இப்ப காள கயித்த அறுத்துக்கினு ஓடும் பாரு"ன்னாரு. ஓடுச்சி. "மீசக்காரன் வெழுவான்"ன்னாரு. வெழுந்தாரு.

"எப்பப்பா இத பாத்த?"

"வாய மூடிக்கினு படத்த பாரு."

அப்பதான் எனக்கு வெளங்குச்சி. அன்னிக்கு எங்க பின்னாடியே அடுத்த பஸ்ல கெளம்பி, அந்த தியேட்டர்ல எங்கள தேடி தேடி, கெடைக்காம, குடுத்த காசுக்கு படத்த பாத்துட்டு, என் படம் வுடறதுக்கு முன்னாடியே வெளிய வந்தப்ப பேக்கரி கண்ணாடி வழியா அக்காவ பாத்திருக்காரு. எங்களுக்கு முன்னாடி வூடு சேந்து, செருப்ப கழட்ட கூட நேரமில்லாம முறத்த எடுத்து வச்சிக்கினு ஒக்காந்திருக்காரு.

படம் முடிஞ்சிது. மாடு சாவல. கல்யாணப் பந்தல்ல மாலையோட நிக்குது. மாமியாரு தங்கமானவங்க, தரையிலதான் நடந்தாங்க. படம் முழுக்க ஒரு பொண்ணு கூட அழல.

அன்னிக்கு கதை முடிஞ்சதும் எங்கப்பா ஒடைச்ச மல்லாட்டைய ரெண்டு கை அள்ளி குடுத்து, "ஒரு கை ஒனக்கு, ஒரு கை உங்கக்காவுக்கு"ன்னாரு. கதை சொன்னவன் நான், அவளுக்கு எதுக்குன்னு நெனச்சி, ரெண்டு கையையும் நானே தின்னுட்டேன்.