எல்லை தாண்டிய கால்

எனக்கு முழங்கால் வீங்கின வருசம் நான் பாதி டாக்டராகிவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். நாகமலை புதுக்கோட்டையில் வீடு, பக்கத்திலேயே ஆபீஸ் வேலை. ஒரு நாள் மாடிப்படியில் கால் தவறி விழுந்து, இடது முழங்கால் தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. தெருவே திரண்டு வைத்தியம் சொன்னது. நொச்சித் தழையை வதக்கிக் கட்டு என்றார்கள். புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிப் பத்துப் போடு என்றார்கள். உருளைக்கிழங்கு வாய்வு, கையால் தொடாதே என்றார்கள். உருளைக்கிழங்கு என்ன செய்தது, பாவம்? எரிச்சலில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

அந்தம்மா மடக்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, நாலே விசயம் சொன்னார். காலுக்கு ஓய்வு கொடுக்கணும். படுக்கும்போது தலையணை வைத்து நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கணும். ஐஸைத் துண்டில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிசம் ஒத்தணும். நடக்கும்போது கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றணும். முதல் ரெண்டு மூன்று நாளைக்குச் சூட்டு ஒத்தடமும் ஆகாது, எண்ணெய் போட்டு உருவுவதும் ஆகாது. நான் கிளம்பி வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டு ஐந்தாவதாக ஒன்றும் சொன்னார். மூட்டு சிவந்து கொதித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், அன்றைக்கே வாருங்கள் என்றார். எனக்கு ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. ஐந்தாவது விசயத்துக்கு வேலையே வரவில்லை. அதனால் அதை மறந்தும் போனேன்.

மறுவருசம் பங்குனியில் அண்ணனுக்கு வீங்கியது.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். அப்பா அம்மா காலத்தில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நடவும் களையும்தான் பிழைப்பு. அண்ணன் எட்டாவதோடு நின்று வயலில் இறங்கினான், நான் படித்தேன். மழைக் காலத்தில் ஓடை நிரம்பிவிட்டால் என்னைத் தோளில் தூக்கிப் போய் அக்கரையில் இறக்கிவிடுவான். பாவாடை நனைந்தால் நான் நாள் பூராவும் அழுவேன் என்று அவனுக்குத் தெரியும். "எருமக்குட்டி, கனக்குறடி" என்று வழியெல்லாம் வைவான், ஆனால் ஒரு நாளும் நடுவில் இறக்கிவிட்டதில்லை. இப்போது எனக்குக் காரில் போக வசதி இருக்கிறது. அந்தத் தோளில் உட்கார்ந்து போன சுகம் எந்தக் காரிலும் இல்லை. பிற்பாடு அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்றரை ஏக்கர் வாங்கினான்.

அம்மன் பொங்கலுக்கு வருசா வருசம் கரகம் எடுக்கிறவன் அவன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிவிடுவார், அடுத்த செவ்வாய் பொங்கல். அந்த எட்டு நாளும் கவுச்சி கிடையாது, பாயில்தான் படுக்கணும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றதில் முன்னே பின்னே இருந்தாலும் ஆத்தா பொறுப்பாள், எல்லை விசயத்தில் மட்டும் பொறுக்க மாட்டாள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அந்த எட்டு நாளை இப்போது நினைத்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ரேடியோ செட் காலையிலேயே அலற ஆரம்பித்துவிடும். சாயங்காலமானால் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி கொட்டுவோம். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து சேர்ந்து, வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

நானும் லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். அண்ணன் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மதினி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவன் முழங்காலில் ஒத்திக்கொண்டிருந்தாள். வரப்பில் கால் பிசகிவிட்டது என்றான். எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டுத் தெம்பு வந்ததோ! உப்பு முடிச்சைப் பிடுங்கி எறிந்தேன். பஸ் ஸ்டாப் சர்பத் கடையிலிருந்து ஐஸ் வந்தது, தலையணை வந்தது, என் பையிலிருந்து கிரேப் பேண்டேஜும் வந்தது. அவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது, பங்குனி வெயில் என்று விட்டுவிட்டேன். போன வருசம் டாக்டரம்மா எனக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த வலி மாத்திரையையும் வேளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். வீக்கம் அப்படியேதான் இருந்தது, ஆனால் உடம்பில் சூடு இல்லை. "பாத்தீகளா மதினி, படிச்சவ வைத்தியத்த" என்று நான் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது. மதினி சிரித்தாள். அவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருசம். அதுவரை அவனை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. சாமி முன்னால் சத்தமாகக் கும்பிடக்கூடப் பயப்படுகிறவள்.

சனிக்கிழமை ராத்திரியோடு மாத்திரை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவனுக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. பேண்டேஜை அவிழ்த்தேன். முழங்கால் சிவந்து மினுமினுத்தது, தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஊன்றி நிற்கப் பார்த்தவன் அலறிவிட்டான். நெற்றியில் அரிவாள் பட்டபோதுகூட முகம் சுளிக்காத ஆள். வாசலில் கூப்பிட்டு டாக்டரம்மா சொன்ன ஐந்தாவது விசயம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சொன்ன மூன்றும் ஒரே காலில் வந்து உட்கார்ந்திருந்தன.

அந்தம்மாவுக்கே போன் போட்டேன். ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காதீர்கள், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், கால் போய்விடும், உயிருக்கும் ஆபத்து என்றார். ஊருக்கு வந்து பார்க்க முடியாதா என்று கேட்டேன். இது வீட்டில் வைத்துப் பார்க்கிற காரியம் இல்லை என்றார். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"செவ்வாக்கெழம கரகத்த எறக்கி வச்சிட்டு வாரேன். காப்பக் கட்டிக்கிட்டு எல்லையத் தாண்ட மாட்டேன்."

கத்தினேன், அழுதேன், கிறுக்கா உனக்கு என்று வைதேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பூசாரியைக் கூட்டிவந்தார்கள். எங்களுக்குச் சித்தப்பா முறை, நல்ல மனுசர். அண்ணன் காலைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போ என்று தன் வாயால் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆத்தாவிடமே உத்தரவு கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ வைத்து ரெண்டு பொட்டலம் ஒன்றுபோலக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளை வந்தால் கட்டுப்படுவதாக அண்ணன் சொன்னான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் அண்ணன் கால் இருக்கணுமா வேண்டாமா என்பதைப் பொட்டலம் எடுத்தா பார்ப்பார்கள்?

நானே பூக்கட்டித் தாரேன் என்று மதினி எழுந்தாள். கொல்லையில் போய் அரளி பறித்துவந்து, அண்ணன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலையைக் கிழித்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். நான் வாசலில் நின்று கார்க்காரரைப் போய்விட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கோயிலில் பூசாரி சூடம் ஏற்றிவிட்டு, பிறந்த வீட்டுப் பெண்தான் எடுக்கணும் என்று என்னைக் கூப்பிட்டார். எடுத்துக் கொடுத்தேன், பிரித்தார். வெள்ளரளி. கூட்டம் குலவை போடுகிற சத்தத்துக்குள் மதினி குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அதைப் பற்றி யோசிக்க எனக்கு மனசு எங்கே இருந்தது? கரகத்தைப் பங்காளி ஒருவர் எடுப்பதாகப் பேசி முடித்தார்கள். காப்புக் கையோடு அண்ணனைக் காரில் ஏற்றினோம்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, முள் ஏதாவது குத்தியதா என்பது. ஆமாம், வியாழக்கிழமை வாய்க்கால் ஓரத்தில் கருவேலம் வெட்டும்போது முழங்காலில் குத்தியது, பிடுங்கிப் போட்டுவிட்டேன், வயலில் இறங்குகிற சம்சாரியில் முள் குத்தாதவன் ஏது என்று அண்ணன் சர்வசாதாரணமாகச் சொன்னான். நான் ரெண்டு நாள் டாக்டர் வேசம் போட்டேனே, இந்தக் கேள்வியைக் கேட்டேனா? ஊசி போட்டு உறிஞ்சினதும் சீழ் வந்தது. அன்று மத்தியானமே ஆபரேசன் செய்து மூட்டைக் கழுவினார்கள். ஒடிந்த முள் நுனியும் உள்ளே இருந்தது. நான் கொடுத்த மாத்திரைதான் காய்ச்சலை மறைத்திருக்கிறது. டாக்டர் என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வரை விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

வராண்டாவில் மதினி இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பிரித்தேன். அதிலும் வெள்ளரளி.

"ரெண்டுலயும் வெள்ளதான் தாயி வச்சேன். அவருக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா எந்திரிச்சு ஊருக்குப் போயிருவாரு. ஆத்தா கேக்குறதா இருந்தா என்னையக் கேக்கட்டும்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வாயில் ஒன்றும் நிற்காது என்று ஊருக்கே தெரியும். ஆனால் இதை மட்டும் ஏழு வருசமாக யாரிடமும் மூச்சுவிடவில்லை. அண்ணன் பிழைத்து நடந்தான். முழங்கால் பழையபடி மடங்கவில்லை, கரகம் எடுப்பதும் நின்றுபோனது. அடுத்த பொங்கலிலிருந்து மதினி பால்குடம் எடுக்கத் தொடங்கினாள், பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு. புருசன் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அவள் அபராதம் கட்டுகிறாள் என்பது எனக்குத்தானே தெரியும்.

இந்த வருசப் பொங்கலில் நானும் அண்ணனும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தெரு முனையில் பால்குட வரிசை வந்துகொண்டிருந்தது. பாதம் பொரிகிற வெயில். இந்த வயசில் மதினி இம்புட்டுக் கஷ்டப்படணுமா, நீ சொல்லி நிறுத்தக் கூடாதா என்று கேட்டேன். அண்ணன் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு நான் தூங்கல. அவ ரெண்டு எலையிலயும் வெள்ளரளிய வச்சுக் கட்டுனத அரக்கண்ணுல பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ கத்துனப்ப எனக்கு ஒறைக்கல. ஆனா, அவ போயி சாமிகிட்டப் பொய் சொல்லத் துணிஞ்சுட்டான்னா நான் எம்புட்டு மோசமாக் கெடக்குறேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. பாத்துக்கிட்டே பேசாமக் கெடந்தவன் நான். கேக்குறதா இருந்தா என்னையக் கேளு, அவள விட்டுருன்னு வருசா வருசம் ஆத்தாகிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் வாரேன்."

வரிசை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. பால்குடம் எடுத்து வருகிறவர்களின் காலில் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள். நின்றபடி சொம்பைச் சாய்த்தால் போதும். மதினி வந்து நின்றதும் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் பாதம் ரெண்டிலும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றி, கையால் தடவிக் கொடுத்தான்.

"எந்திரிங்க" என்று குடத்துக்கு அடியிலிருந்து மதினி வைதாள். "கீழ உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல."