வால் நறுக்கிய கல்யாணம்

பவுனுக்கு ஹிந்தி வந்த கதையே தனி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 1994-இல் புருஷன் ரவிசந்திரனோடு புணேயில் வந்து இறங்கிய மூன்றே மாதத்தில், இந்தப் பாஷையின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டதாக அவள் அறிவித்தாள். தமிழ் வார்த்தையின் வாலை நறுக்கினால் ஹிந்தி. நகரம், நகர். காரணம், காரண். சமாசாரம், சமாசார். பத்துக்கு ஏழு பலித்தது. போசரியில் அவர்கள் குடியிருந்த தெருவில் காய்கறிக்காரனோடு அவள் பேரம் பேசி ஜெயிப்பதை ஜன்னல் ஜன்னலாக நின்று பார்ப்பார்கள்.

அந்தக் கத்தரிக்கோல்தான் கடைசியில் அவள் கழுத்துக்கே வந்தது.

2001, ஆவணி. சாகண் தொழிற்சாலையில் ரவிசந்திரனோடு வேலை பார்த்த பாலச்சந்திரனின் தங்கைக்குப் புணேயின் கிழக்கே லோஹேகாவில் கல்யாணம். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக பவுன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். லோஹேகாவ் போகிற வழியில், முந்திப் போக வந்த டெம்போ ஒன்று பக்கவாட்டில் இடித்துத் தள்ளியது. பவுனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ரவிசந்திரனின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்துத் தைத்த டாக்டர், இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் காலை ஊன்றி நடக்க முடியும் என்று சொல்லிவிட்டார். நஷ்டஈடு வந்தால்தான் அந்த ஆபரேஷன்.

ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஏஜெண்ட் வெற்றுத் தாள்களோடு வந்து, கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லிளித்தான். எழுதாத தாளில் கையெழுத்தா? பவுன் அவனை மாடிப்படி வரைக்கும் விரட்டினாள். ஆனால் அதற்கு முந்தின நாளே, ஊசி மயக்கத்தில் கிடந்த ரவிசந்திரன், கான்ஸ்டபிள் மராத்தியில் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்ற கேள்விக்கு, பெண்டாட்டி சொல்லிக்கொடுத்த ஹிந்தியில் அவன் சொன்ன பதில், "கல்யாண்."

மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண் என்று ஓர் ஊர் இருப்பது அந்த இரண்டு ஜீவன்களுக்கும் தெரியாது!

பக்கத்துக் கட்டில்காரி சொல்லி, சிவாஜிநகர் கோர்ட்டில் மும்தாஜ் என்ற வக்கீலைப் பவுன் கண்டுபிடித்தாள். மும்தாஜ் நிதானமாக விளக்கினார். டெம்போக்காரன் மேல் கோபம் இருக்கலாம், பணம் தரப்போவது அவனுடைய இன்சூரன்ஸ் கம்பெனி. தப்பு அவனுடையது, காலுக்கு இவ்வளவு சேதம் என்ற இரண்டையும் காகிதத்தால் காட்ட வேண்டும். பவுனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. எஃப்.ஐ.ஆர். நகல், விபத்து நடந்த இடத்தில் போலீசார் எழுதிய பஞ்சநாமா, எக்ஸ்ரே, ஊனச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக அலைந்து வாங்கி, பாலச்சந்திரன் வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தேங்காய் போட்டுக் கொண்டுவந்த மஞ்சள் பையில் சேர்த்தாள்.

வாக்குமூலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மும்தாஜ் நெற்றியைச் சுருக்கினார். "கல்யாண் எதிர்த்திசையில் அல்லவா இருக்கிறது?"

"இல்லீங் மேடம், நேரா அதே ரோட்லதானுங்க," என்றாள் பவுன், வால் நறுக்கிய ஹிந்தியில். இந்த அம்மாளுக்குத் திசை தெரியாது என்று மும்தாஜ் விட்டுவிட்டார்.

2003-இல் விசாரணை. கூண்டில் பவுன். இன்சூரன்ஸ் வக்கீல் தேனொழுகக் கேட்டார்: "கல்யாண் ஜா ரஹே தே நா?" கல்யாண் போய்க்கொண்டிருந்தீர்கள், இல்லையா?

"ஹாங் சாப், கல்யாண்!" என்றாள் பவுன், முகம் மலர.

அவர் நீதிபதியிடம் திரும்பினார். கல்யாணுக்குப் போகிறவர்கள் லோஹேகாவ் போகும் பக்கத்தில் என்ன செய்தார்கள்? தப்பான பக்கத்தில் எதிரே வந்து விழுந்திருக்கிறார்கள், தப்பு முழுக்க ஸ்கூட்டர்காரருடையது. மும்தாஜின் முகம் வெளுத்தது. கோர்ட் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

என்ன தப்பாகச் சொன்னோம் என்று பவுனுக்குப் புரியவில்லை. பக்கத்து பஸ் ஸ்டாண்டு ஓரம் மும்தாஜ் அவளுக்குச் சாய் வாங்கிக்கொடுத்தார். அப்போது ஒரு கண்டக்டர் கத்தினான்: "கல்யாண்! கல்யாண்! கல்யாண்!"

"ஏனுங் மேடம், யாருக்குங்க கல்யாண்?"

"யாருக்குமில்லை. அது ஊர். நீ போன ஊர்."

"ஊரா? நாங்க போனது கல்யாணத்துக்குங்க!" பவுன் எழுந்து நின்று, கழுத்தைச் சுற்றிக் கையால் மாலை போட்டு, மூன்று முடிச்சும் போட்டுக் காட்டினாள். "பிப்பிப்பீ... டும்டும்!"

"ஷாதி!" மும்தாஜின் கையிலிருந்த கிளாஸ் சரிந்து சாய் கொட்டியது. "அட பைத்தியக்காரி, ஹிந்தியில் அதற்குப் பேர் ஷாதி! அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா? பத்திரிகை?"

பத்திரிகை ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது, அப்புறம் காணோம் என்று சொல்லிக்கொண்டே பவுன் பையைத் தேடினாள். தேடிய கை அப்படியே நின்றது. இரண்டு வருஷமாகத் தோளிலேயே தொங்கும் தாம்பூலப் பை. அதன்மேல் சிவப்பு எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும், பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், தேதி, லோஹேகாவ் மண்டபம்.

இருவரும் ஓடினார்கள். மும்தாஜ் அனுமதி கேட்டுப் பவுனை மறுபடி கூண்டில் ஏற்றினார். தமிழில் கல்யாணம் என்றால் என்ன என்று கேட்டார். பவுன் பையை உயர்த்திப் பிடித்தாள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்து தேதியைப் படித்தார். விபத்து நடந்த அதே நாள். பிறகு மும்தாஜ் பஞ்சநாமாவை நீட்டினார். டிக்கியில் இருந்த பொருள்கள் என்று போலீசாரே எழுதிய வரி: அச்சடித்த பத்திரிகை ஒன்று, மொழி தெரியவில்லை. நீதிபதி சிரித்துவிட்டார். இன்சூரன்ஸ் வக்கீல்கூட அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார். பவுன் மட்டும் ஓவென்று அழுதாள், சந்தோஷம் தாங்காமல்.

ஆறு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தப்பு முழுக்க டெம்போவுடையது. ஆபரேஷனும் நடந்தது.

2004-இல் ஒரு காலை அதே பஸ் ஸ்டாண்டில் ரவிசந்திரன் கைத்தடியோடு நின்றான். போகும் ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஒரு வேலையும் கிடையாது.

"அம்முணி, புடிச்சுக்க வேண்டாம்," என்றான். தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, வலது காலைத் தூக்கிப் படியில் ஊன்றி, ஏறினான். கால் நின்றது. பவுன் பின்னாலேயே ஏறினாள்.

"குட்டே?" எங்கே என்று மராத்தியில் கேட்டான் கண்டக்டர்.

"கல்யாண்," என்றாள் பவுன். "ஊருக்குங்க."