எலும்புக்கு வராத மூன்று

தம்பிக்குப் பெண் பிறந்தபோது நான் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பாஸ்பேட்டேஸ் என்ற நொதிக் குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவது அதன் வேலை. பாஸ்பேட் கிடைக்காத பாக்டீரியா அதைக் கொண்டுதான் பிழைக்கிறது. நம் எலும்பு இறுகவும் அந்தக் குடும்பத்து நொதி ஒன்று வேண்டும்.

தம்பிக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. குழந்தையைப் பார்க்கப் போனேன். மூச்சிழுக்கும்போதெல்லாம் அதன் விலா உள்ளே குழிந்தது.

"தூக்குனாலே அழுவுதுங்க அண்ணி. சும்மா பாத்துகினே கெடக்குது" என்றாள் தம்பி மனைவி.

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் எங்களை உட்காரவைத்து, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ படிக்கிறது இதானக்கா?"

வராந்தாவில் வைத்து இருவருக்கும் சொன்னேன். ஆதியில் ஒன்றாக இருந்த ஜீன் நகலாகி நகலாகி நம் உடம்பில் நான்காக நிற்கிறது. ஒன்று குடலில், ஒன்று நஞ்சுக்கொடியில், இன்னொன்று இனச்செல்களில். எலும்புக்கு நான்காவதுதான். குழந்தைக்கு அதுதான் பழுது.

"மத்த மூணும் நல்லாத்தான இருக்கு? அதுல ஒண்ணு இந்த வேலையச் செய்யாதா?"

"அதெல்லாம் எலும்புல உருவாகவே உருவாகாதுடா. பிரிஞ்சுபோயி கோடிக்கணக்கான வருஷமாச்சு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க லேப்ல வச்சிருப்பீங்கல்ல, கொஞ்சம் கொண்டாந்து ஊசியில போட முடியாதா?"

"அது பாக்டீரியாவோடது. உடம்பு ஏத்துக்காது. எலும்பு வரைக்கும் போகவும் போகாது."

அவன் தலையாட்டினான். தம்பி மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்க ரெண்டு பேருகிட்டேந்தும் வந்துச்சுங்களா அண்ணி?"

"ஆமாம்மா. ரெண்டு பேர்கிட்டயும் பழுதான ஜீன் ஒவ்வொண்ணு இருக்கும். கூடவே நல்லதும் ஒண்ணு இருக்கறதால உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

எலும்பைத் தேடிப்போய் ஒட்டும்படி செய்த நொதி வெளிநாட்டில் மருந்தாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு டாக்டரும் கம்பெனிக்கு எழுதிப் போட்டார், நானும் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். பதில் வருவதற்குள் குழந்தைக்குச் சளி பிடித்தது. நுரையீரல் விரிய இறுகாத அந்த விலா இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

பால் தெளித்த மறுநாளே தம்பி ஷிப்டுக்குப் போனான். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தம்பி மனைவி காடாம்புலியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை. போன வாரம் போன் செய்தேன்.

"அடுத்ததுக்கும் வருமுங்களா?" என்றாள்.

"வரலாம். வயித்துல இருக்கும்போதே பாத்துடலாம்."

"பாத்து?"

கலைப்பதா வேண்டாமா என்று நான் பேச்செடுப்பதற்குள் அவளே போனை வைத்துவிட்டாள்.