சந்தனம் பூசிய கையில் கிடைத்த பதில்

என் பிள்ளையின் உச்சிக்குழி மூன்றாம் மாதமே மூடிக்கொண்டது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சீக்கிரமா மூடக் கூடாதே. மாசாமாசம் தூக்கினு வாம்மா, தலைய அளந்து பாக்கலாம்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. தலை வளராவிட்டால் மூளை எங்கே வளரும்? செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்தாலே அழுகை வந்தது.

மேல்மலையனூர் அங்காளம்மாதான் எனக்குத் தாய். அவளிடம் வேண்டிக்கொண்டேன் என்பதைவிட உத்தரவு போட்டேன் என்பதுதான் சரி. "தாயே, டேப் அளவு குறையவே கூடாது. குறையாம இருந்தா அப்பனுக்கும் புள்ளைக்கும் உன் வாசல்ல மொட்டை" என்றேன். யார் முடியை யார் நேர்ந்துகொள்வது என்று என் வீட்டுக்காரர் முறைத்தார்.

அளவு குறையவில்லை. ஒவ்வொரு மாதமும் சரியாகவே இருந்தது. தலை மட்டும் நீளவாக்கில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் நீளத் தலைதான். "அப்படியே நைனா மண்டை" என்று சொந்தக்காரர்கள் கொஞ்சினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது அடர்ந்த முடிக்குள் ஏதோ மேடாகக் கையில் படும். அதையும் நைனா கணக்கிலேயே எழுதிவிட்டேன். கேட்டதை அம்மா கொடுத்துவிட்டாள் என்று ஏழாம் மாதம் மலையனூருக்குப் போனோம்.

இரண்டு பேருக்கும் மொட்டை அடித்தாயிற்று. முதலில் அவர் தலையில் சந்தனம் பூசினேன். வழவழவென்று இருந்தது. பிறகு பிள்ளைக்குப் பூசினேன். உச்சி நடுவே, முன்னிருந்து பின்னாக, வரப்பு மாதிரி எலும்பு புடைத்து நின்றது. மறுபடியும் அவர் தலையைத் தடவினேன்.

"இன்னாடி பண்ற? எல்லாரும் பாக்கறாங்க!"

"உங்களுக்கு இது இல்லீங்க" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சென்னையில் டாக்டர் டேப்போடு நிறுத்தவில்லை. தலையின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்தார். ஸ்கேன் எடுத்து, மண்டைக்குள் மூளைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் கணக்குப் பார்த்தார். உச்சியில் எலும்புகள் சேரும் இடம் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதாம். "அகலமாக முடியாம தலை நீளமா வளருதும்மா. அதனாலதான் சுத்தளவு சரியா காட்டியிருக்கு. இப்போதைக்கு மூளைக்கு இடம் இருக்கு. ஆனா ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க" என்றார்.

ஆபரேஷன் அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவன் உன் புள்ள" என்றேன். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை. டாக்டர் வெளியே வந்து, "பையன் நல்லா இருக்கான்" என்றதும் அந்த மனுஷன் என்னைவிட அதிகமாக அழுதார்.

இப்போது அவன் கடைக்குள் தத்தித் தத்தி நடந்து, அடுக்கி வைத்த டம்ளர்களைத் தள்ளிவிடுகிறான். ஒவ்வொரு பரிசோதனையிலும் தலையின் அகலம் கூடி வருகிறது. அந்தக் குட்டித் தலையை முகர்ந்து முத்தம் கொடுக்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

சகோதரிகளே, நான் கேட்டது ஓர் அளவு. அவள் கொடுத்தது என் பிள்ளையை. உங்கள் குழந்தைக்கு ஒன்று என்றால் அவள் காலில் விழுங்கள். எழுந்து டாக்டரிடம் போங்கள். போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு வந்தவள் உங்களுக்கு வராமலா போவாள்?