பழைய விலையின் மேல் ஒரு கோடு

ஆடிப்பெருக்கன்று மத்தியானம் சங்கீதா லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். “உன் டேக்குங்களோட மாரடிச்சே தேஞ்சிட்டேன்ணா.”

“டேக் இல்லம்மா, எலிமெண்ட். டேக்குன்றது ரெண்டு முனை மட்டும்தான்” என்றார் ஆதிகேசவன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். அவள் எதிர்பார்த்தது ‘தப்பு என்னுது’ என்ற ஒரு பேச்சு. படியிறங்கிவிட்டாள்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்கு இருவரும் கூட்டாக இணையதளம் செய்துகொடுத்தார்கள். இதை நம்பித்தான் சங்கீதா கம்பெனி வேலையை விட்டிருந்தாள். அந்த டேக்குகளை வைத்து இணையப் பக்கம் கட்டும் குறிமொழியான ஹெச்.டி.எம்.எல்., ஆதிகேசவன் கையில் சுத்தமாக இருக்கும். ஆனால் எழுத்தின் தோற்றம் வேறு, பொருள் வேறு என்று ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அவர் ஒரு கமாவைக்கூட நகர்த்தித் தரமாட்டார். தெருவில் கல்யாண பேனரைக் கண்டால் நின்றுவிடுவார். “கவுன்சிலர் பேர் பெருசா இருந்தா தலைப்பாயிடுமா? தலைப்பு பொண்ணு மாப்பிள்ளைபா. இது வெறும் பெரிய எழுத்து.” பேனர் கட்டுகிறவர் ஏணியில் நின்றபடியே கும்பிடுவார்.

அந்த ஆடி பிறந்ததுமே, தள்ளுபடிக்குப் பழைய விலைமேல் ஒரு கோடு போடச் சொல்லி வந்திருந்தார் பட்டுக்கடை வீரபத்திரன்.

“கோடுன்னு ஒண்ணு கிடையாதுங்க. அந்த விலைய நீக்கிட்டீங்களா, இல்ல விலை இருக்குது, இப்போ செல்லாதா? அதுக்கு ஒரு எலிமெண்ட், இதுக்கு ஒண்ணு.”

“பார்க்க எப்படிப்பா இருக்கும்?”

“ரெண்டும் ஒரே கோடுதான்.”

“அப்போ எதையோ ஒண்ணு அடிச்சு வுடேன். ஜனம் வந்துக்கினு இருக்குது.”

“எதையோன்னா எத?”

பதில் வரும்வரை தளத்தைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஆடி பாதி கரைந்தது. வீரபத்திரன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவருடைய சம்பந்தி கடையும் சகலை கடையும் பின்னாலேயே போயின. காஞ்சிபுரத்தில் கடைகள் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போவதுபோல் குடும்பமாகக் கிளம்பும்.

படியிறங்கிப் போன சங்கீதா சின்ன காஞ்சிபுரத்தில் தனியாக ஆரம்பித்தாள். கோடு கேட்டவர்களுக்குக் கோடு போட்டாள். போன கடைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து சேர்ந்தன. ஆதிகேசவனுக்கு மிஞ்சியவை, நின்று குறை சொல்லத் தெருப் பேனர்கள்.

மறு வருஷம் பங்குனியில் அவள் வாட்ஸப்பில் ஆதிகேசவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“வீரபத்திரன் விஷயத்துல தப்பு என்னுதுதாம்மா.”

‘தப்பு’ மட்டும் தடித்திருந்தது. சங்கீதா இன்னொரு முறை படித்தாள். பதில் எழுத விரல் வைப்பதற்குள் அடுத்த வரி வந்து விழுந்தது.

“அத தடிச்ச எழுத்துன்னு நெனச்சுக்காத. முக்கியம்னு அர்த்தம்.”